ஆற்றில் போட்ட பொன்னும் டிராக்டர் நோட்டும்

விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சுந்தரர் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருமுதுகுன்றத்து ஈசனைப் பாடி 12,000 பொன் பெற்றார். அத்தனையையும் சுமந்துகொண்டு திருவாரூர் வரை எப்படிப் போவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. அப்படியே போட்டார், அங்கே எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதை என்று நாம் இன்றைக்கும் கேலியாகச் சொல்வது இதைத்தான்.

கல்லாவில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து எழுந்த எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும்முன் அதில் ஒரு சிறு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொள்கிறார். மச்சம் என்றால் மாதிரி. திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்தால் மாற்றுக் குறைகிறது. கொடுத்தவர் சாமியே ஆனாலும் விடவில்லை, மறுபடி பாடி மாற்றைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் பொன்னை வீட்டுக்கு எடுத்துப்போனார். உரைத்துப் பார்த்த பிள்ளையார் இன்றும் அங்கே மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரில் இருக்கிறார். ஓரிடத்தில் கட்டி வேறிடத்தில் வாங்குவது ஒன்று. வாங்கும்போது தரம் பார்ப்பது இன்னொன்று. பணத்தின் கதை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நம் நாட்டில் காகிதப் பணம் வந்தபோதும் இதே சிக்கல்தான். 1843-ல் தொடங்கிய மதராஸ் வங்கி போன்ற மாகாண வங்கிகள் முதலில் தாங்களே நோட்டு வெளியிட்டன. 1861-ஆம் ஆண்டுக் காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையை எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. ஆனால் அரசாங்க நோட்டு என்பதால் எங்கும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் பெரிய வட்டங்கள். மதராஸின் கீழே திருச்சிராப்பள்ளி, கள்ளிக்கோட்டை, விசாகப்பட்டினம் என்று துணை வட்டங்கள். எந்த வட்டத்தில் வெளியான நோட்டோ அந்த வட்டத்தில்தான் சட்டப்படி வெள்ளி ரூபாயாக மாற்ற முடியும். வெளியே போனால் வாங்குகிறவர் மனசு வைக்க வேண்டும், வைத்தாலும் வட்டம் பிடிப்பார். இந்த வேலி ஒரே நாளில் போகவில்லை. 1903 முதல் 1911 வரை 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக நாடு முழுவதும் செல்லும்படி செய்தார்கள்.

அந்தக் காலத்து வியாபாரிகள் மணிமுத்தாற்றை நம்பாமல் தபாலை நம்பினார்கள், அதுவும் பாதிதான். நோட்டை நடுவில் இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறுபாதி போகும். வழியில் ஒருவன் திருடினாலும் அவன் கையில் இருப்பது பாதிக் காகிதம்தான். இதனால்தான் பழைய நோட்டுகளில் எண்ணை இரண்டு இடத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பாதியையும் ஒட்டிய நோட்டுகள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் வருகின்றன. ஒட்டிய நோட்டு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்த வெட்டுதான் அது நிஜமாகப் பயணம் போன நோட்டு என்பதற்குச் சாட்சி. ஆனால் விலை சொல்வது நான் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஓய்வு பெற்ற கேஷியர் என்பதால் நம் ஊரில் பலர் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். லண்டன் ஏலத்தில் நம் நாட்டுப் பழைய நோட்டு ஒன்று பல லட்சத்துக்குப் போனது என்று பேப்பரில் செய்தி வந்தால் அந்த வாரம் கூட்டம் அதிகம். அந்தச் செய்தி பொய்யில்லை. ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்காக ரிசர்வ் வங்கி தனியாக வெளியிட்ட நூறு ரூபாய் நோட்டு அப்படிப் போயிருக்கிறது. 1918-ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த ஷிராலா என்ற கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய பத்து ரூபாய் நோட்டுகள் 2024-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்ததும் உண்மை. வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் அச்சு வார்த்தவர். அவர் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் ஏழு லட்சம், எண்ணில் 786 இருந்தால் இன்னும் அதிகம். இவரிடம் டிராக்டரும் இருந்தது, 786-ம் இருந்தது. போன் செய்தார். மறுமுனையில் இருந்தவன் தமிழில் மரியாதையாகப் பேசினான். பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய் கேட்டான், கொடுத்தார். அடுத்து ஜி.எஸ்.டி. என்று 8,200 கேட்டான், அதையும் கொடுத்தார். மூன்றாவதாக ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதம் வாங்க 18,500 வேண்டும் என்றான், முத்திரை போட்ட கடிதத்தின் படமும் அனுப்பினான். வீட்டம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் புறப்படுகிற நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கடிதத்தை என்னிடம் காட்ட வந்தார்.

"சார், இதுல சீல் எல்லாம் சரியா இருக்கா, பாருங்க."

சீல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை கொடுத்து எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று. தோடு தப்பியது. போன 9,750 போனதுதான். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். அவருக்குப் பணம் போனதைவிட, மகனுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. பத்து நாள் தெருவில் தலை காட்டவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஏமாறுகிறவனுக்குப் பணத்தோடு வீட்டில் பேச்சுரிமையும் போய்விடுகிறது.

அந்த டிராக்டர் நோட்டின் கதைதான் என்ன? நோட்டு அடிக்கும் செலவு கட்டவில்லை என்பதால் 1994, 1995-ல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மூன்றையும் அச்சிடுவதை நிறுத்தி நாணயத்துக்குப் போனார்கள். பிறகு ஐந்து ரூபாய் நோட்டு காந்தி படத்தோடு திரும்பி வந்தது, அதிலும் டிராக்டர். ஒரு ரூபாய் நோட்டு 2015-ல் திரும்பி வந்தது. ஆளுநர்கள் பலர் கையெழுத்தில் கோடிக்கணக்கில் அச்சான நோட்டு இது. இன்றும் சட்டப்படி செல்லும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அது ஐந்து ரூபாய்தான். 786 எண்ணை ஆசையாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்சம் லட்சத்தில் வராது. எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 2006-லிருந்து அச்சில் கெட்டுப்போன நோட்டுக்கு மாற்றாக வைக்கும் நோட்டில் அந்தக் குறி போடுகிறார்கள். அதையும் சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் அதுவும் புதையல் இல்லை.

பழசு என்பதால் மட்டும் ஒரு நோட்டுக்கு விலை வந்துவிடாது. எத்தனை அச்சானது, அதில் எத்தனை மிஞ்சியது, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது, தேடுகிறவர்கள் எத்தனை பேர், இவைதான் கணக்கு. கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநர் சர் ஆஸ்போர்ன் ஸ்மித். அவர் கையெழுத்திட்ட நோட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1935-ல் வங்கி தொடங்கினாலும் அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஐந்து ரூபாய், கையெழுத்து இரண்டாம் ஆளுநர் சர் ஜேம்ஸ் டெய்லர். 1970-ல் பி.என். அதார்கர் 42 நாள் மட்டும் ஆளுநராக இருந்தார். அவர் கையெழுத்து விழுந்த நோட்டுக்குச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். பக்கத்தில் அதே வருடத்து வேறு கையெழுத்து நோட்டு சும்மா கிடக்கும். ஒரு ரூபாய் நோட்டில் ஆளுநர் கையெழுத்தைத் தேடாதீர்கள். அது அரசாங்க நோட்டு, நிதித்துறைச் செயலர்தான் போடுவார்.

அந்த ஒரு ரூபாய் நோட்டு பிறந்ததே ஒரு தட்டுப்பாட்டில்தான். முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்கவில்லை, ரூபாய் நாணயம் அடிக்க வழியில்லை. 1917 நவம்பர் 30-ல் ஐந்தாம் ஜார்ஜ் படத்தோடு ஒரு ரூபாய்த் தாள் வந்தது. இருபத்தைந்து தாள் சேர்த்துப் புத்தகம்போலத் தைத்துக் கொடுத்தார்கள், கிழித்துக் கிழித்துச் செலவு செய்ய வேண்டும். அடுத்து 1918-ல் இரண்டரை ரூபாய் நோட்டு, அதாவது இரண்டு ரூபாய் எட்டணா. 1926 ஜனவரி 1-ல் இரண்டையும் நிறுத்தினார்கள். ஒரு ரூபாய்த் தாள் இரண்டாம் போரில் 1940-ல் மறுபடி உயிர் பெற்றது, இரண்டரை ரூபாய் போனது போனதுதான். அப்படி ஒன்று உங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, என்னிடம் கொண்டுவாருங்கள்.

இனி நிலைமை. பீங்கான் ஊரில் இதை விளக்குவது சுலபம். சூளையிலிருந்து எடுத்த பொம்மையில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால் அது செகண்ட்ஸ். உபயோகத்தில் குறையில்லை, ஆனால் விலை பாதி. நோட்டும் அப்படித்தான். புழக்கத்துக்கே போகாத தாளை யு.என்.சி. என்பார்கள். அதில் நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே ஒரு படி இறங்கும். நாலு மடிப்பு, மூலை மழுங்கல், மஞ்சள் கறை என்று வந்தால் அதே நோட்டு பத்தில் ஒரு பங்குக்கும் வராது.

ஒரே ஒரு குறைக்கு மட்டும் நம் நாட்டு நோட்டுகளுக்கு மன்னிப்பு உண்டு. அது பின் ஓட்டை. நாங்கள் நூறு தாளை ஒரு பாக்கெட்டாக அடுக்கி, இடதுபக்கத்தில் கட்டைக் கம்பி ஸ்டேபிள் அடித்தவர்கள். அதைப் பிரிக்கிற பாட்டில் தாளும் கிழியும், விரலும் கிழியும். 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஸ்டேபிள் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகுதான் காகிதப் பட்டை வந்தது. ஆகையால் புத்தம் புதிதாக இருந்த பழைய நோட்டிலும் இரண்டு ஓட்டை இருக்கும். சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அழுக்குப் போக நோட்டைச் சோப்பு நீரில் அலசுவது, இஸ்திரி போடுவது, கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது, இவைதான் மன்னிக்க முடியாதவை. போன வருடம் ஒரு அம்மா 1940-களின் ஒரு ரூபாய் நோட்டுகள் பன்னிரண்டைப் பத்திரமாக லேமினேட் செய்து கொண்டுவந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

நம் பக்கத்துப் பெட்டிகளில் வெளி நாட்டுக் காகிதமும் கிடக்கும். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்தது. ஜப்பான்காரன் பர்மாவுக்கு அடித்த ரூபாயும், மலாயாவுக்கு அடித்த வாழை மரம் போட்ட பத்து டாலரும் போர் முடிந்த 1945-லேயே செத்துவிட்டன. அளவில்லாமல் அச்சடித்ததால் இன்றும் சல்லிசு. அதைவிடப் பாண்டிச்சேரி நோட்டு அருமை. 1875-ல் பாரீஸில் தொடங்கிய இந்தோசீன வங்கிதான் பிரெஞ்சிந்தியாவுக்கு நோட்டு வெளியிட்டது. பெயர் அங்கும் ரூபாய்தான், பிரெஞ்சு எழுத்தில். ஐம்பது ரூபாய் நோட்டில் டூப்ளே துரை இருப்பார். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியதோடு அந்த நோட்டின் கதையும் முடிந்தது. சின்ன ஊர், குறைந்த அச்சு, அதனால் நல்ல விலை.

செல்லாமல் போன நோட்டு என்றதும் எனக்கு ஆயிரம் ரூபாய் ஞாபகம் வரும். 1946 ஜனவரியில் ஒருமுறை 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். 1954-ல் 1,000, 5,000, 10,000 என்று மறுபடி பெரிய நோட்டுகள் வந்தன. அந்த ஆயிரத்தின் பின்பக்கம் நம் தஞ்சைப் பெரிய கோயில். 1978 ஜனவரி 16-ல், பொங்கல் முடிந்த கையோடு, அவையும் செல்லாது என்று அறிவிப்பு. மறுநாள் வங்கிகள் மூடல். 19-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் 24 வரை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் கிளையில் அந்த இரண்டு நாளில் மாற்ற வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆயிரம் ரூபாய்த் தாளைக் கண்ணால் பார்த்தவர்களே ஊரில் குறைவு. வந்தவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவத்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரி அப்படி மாற்ற வராமலே இருந்துவிட்டார். பயம் காரணமில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு தாள், பெருவுடையார் கோபுரம் இருக்கிறது என்று பூஜை அலமாரியில் வைத்துப் பொட்டு வைத்திருந்தார். சாமியை எப்படிக் கொண்டுபோய்க் கல்லாவில் கொடுப்பது என்றாராம். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். சில வருடம் முன்னால் அவருடைய மகள்கள் இருவரும் மகனும் அந்தத் தாளோடு என் திண்ணைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் யாரோ போனில் நாற்பது லட்சம் என்று சொல்லியிருந்தான். நாற்பதை மூன்றாகப் பங்கு போடுவதில் ஏற்கெனவே பேச்சு முற்றி, தங்கைகள் அண்ணன் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்ற அளவில் இருந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். எட்டாக மடித்த தடம், நடுவில் குங்குமக் கறை, ஓரத்தில் எண்ணெய். கையெழுத்து கே.ஆர். பூரி. 1954-ன் பெனகல் ராமராவ் கையெழுத்தாக இருந்தால் கதை வேறு. 1975-ல் மூன்று மாதம் ஆளுநராக இருந்த என்.சி. சென்குப்தா கையெழுத்தாக இருந்தாலும் தேடுவார்கள். பூரி கையெழுத்து அவற்றோடு ஒப்பிட்டால் அதிகம் கிடைப்பது. அதைச் சொன்னபோது மூத்த மகள், "அப்பா கூட ஏமாந்துட்டாரா?" என்று கேட்டார். ஏமாறவில்லை என்றேன். 1978-ல் மாற்றியிருந்தால் ஆயிரம், அது அந்த மாதமே மல்லாட்டை மூட்டையாக மாறிப்போயிருக்கும். மாற்றாததால் இன்றைக்கு, இந்தக் கறையோடும் மடிப்போடும், ஆயிரத்தைப்போல் பல மடங்கு. ஆனால் போன்காரன் சொன்ன தொகையில் ஒரு மூலைக்கும் காணாது. சென்னையில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது மூன்று கடையில் காட்டுங்கள், மூன்று பேர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், எவரும் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார்கள், கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்று அனுப்பினேன். மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். தொகை தெரிந்த பிறகு சண்டை போட அதில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. தாள் இப்போது சின்ன மகள் வீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பொட்டு வைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

2016 நவம்பர் 8-ல் போன 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஞாபகத்துக்கு வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் வந்த சட்டப்படி ஒருவர் அந்த நோட்டுகளில் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பில் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். பரணில் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் கழித்துப் பேரன் விற்பான் என்று கணக்குப் போட வேண்டாம். அந்த நோட்டுகள் அச்சான எண்ணிக்கைக்கு ஐம்பது வருடம் போதாது.

மற்றபடி, 1917 ஒரு ரூபாயோ, இரண்டரை ரூபாயோ, பாண்டிச்சேரி நோட்டோ, வெட்டி ஒட்டிய பழைய தாளோ இருந்தால் மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். நிதானமாகப் பார்க்கலாம், காப்பியும் உண்டு. டிராக்டர் நோட்டு மட்டும் வேண்டாம், என்னிடமே பதினெட்டு இருக்கிறது.